கொரில்லாவுக்கு அரண் செய்தவர்

அறிவு வளர்ச்சியின்பொருட்டே ஆயினும் அரிய உயிரைக் கொல்வது தகுமோ என்னும் வினா ஒருவர் உள்ளத்தில் எழுந்தது. அதன் பயனாக ஆப்பிரிக்கா தன் முதல் தேசியப் பூங்காவைப் பெற்றது. அவ்வினாவை எழுப்பியவர் கார்ல் ஏக்லி என்னும் அமெரிக்கர்.

ஏக்லி 1864-ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். இறந்த விலங்குகளைப் பாடம் செய்யும் கலையில் இளமையிலேயே அவருக்கு நாட்டம் மிகுந்தது. விலங்கின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தைப்பதே அக்கால வழக்கம். ஏக்லியோ அதன் தசைகளின் அமைப்பை ஆராய்ந்து, களிமண்ணால் உருச்செய்து, அவ்வுருவிலிருந்து எடுத்த வார்ப்பின்மேல் தோலைப் போர்த்தினார். அவை உயிருடன் நிற்பன போலவே தோன்றின. பொருட்காட்சிச்சாலைகளுக்கு விலங்குகளைத் திரட்ட அவர் ஐந்து முறை ஆப்பிரிக்கா சென்றார். 1896-இல், தம்மீது பாய்ந்த சிறுத்தையை வெறுங்கையாலேயே கொன்று உயிர் தப்பினார்.

1921-இல் அவர் பெல்ஜிய ஆட்சியிலிருந்த காங்கோவின் மிக்கேனோ மலையை அடைந்தார். மூங்கிற் காடும் மூடுபனியும் சூழ்ந்த அவ்விடத்தே மலைக் கொரில்லாக்கள் வாழ்ந்தன. கொடியவை என உலகம் அஞ்சிய அவை, அமைதியாகத் தழையுண்டு வாழ்வதை ஏக்லி நேரிற் கண்டார். எனினும், வந்த பணிக்காக அவருடைய குழுவினர் ஐந்து கொரில்லாக்களைக் கொன்றனர். வீழ்ந்து கிடந்த ஒன்றன் முகத்தை நோக்கியபோது, கொலைக்குற்றம் புரிந்தவரைப் போல ஏக்லி உள்ளம் நடுங்கினார். வேட்டை தொடர்ந்தால் அவ்வினமே அழிந்துபோகும் என அஞ்சினார்.

அஞ்சியதோடு அவர் நின்றுவிடவில்லை. அம்மலைகளைக் காப்பிடமாக்குமாறு பெல்ஜிய அரசை வேண்டினார். அரசர் ஆல்பர்ட்டும் அதற்கு இசைந்தார். 1925 ஏப்ரல் 21-ஆம் நாள் அவ்வரசர் பெயராலேயே தேசியப் பூங்கா நிறுவப்பட்டது. இந்நாளில் அதன் பெரும்பகுதி விருங்கா தேசியப் பூங்கா என வழங்குகிறது.

மறு ஆண்டு ஏக்லி மனைவியுடன் மீண்டும் அங்குச் சென்றார். மழையிலும் குளிரிலும் மலையேறிய அவரைக் காய்ச்சல் பற்றியது. 1926 நவம்பர் 17-ஆம் நாள், தம் 62-ஆம் வயதில், அவர் மிக்கேனோச் சாரலில் உயிர் நீத்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். மனைவி மேரி துயரை அடக்கிக்கொண்டு, கணவர் தொடங்கிய பணியை முடித்தபின்னரே நாடு திரும்பினார்.

போரும் வேட்டையும் அப்பூங்காவைப் பலகால் அலைக்கழித்துள்ளன. அதனைக் காக்கும் பணியில் உயிர் துறந்த ஆப்பிரிக்கக் காவலர் இருநூற்றுவருக்கும் மேற்படுவர். இத்தகையோரின் தியாகத்தால் இன்று உலகில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட மலைக் கொரில்லாக்கள் வாழ்கின்றன. பிழையை உணர்வோர் பலர். உணர்ந்தபின் அதற்கு ஈடு செய்ய முற்படுவோர் சிலரே. ஏக்லி அச்சிலருள் ஒருவர்.