குழியைப் படித்த மனிதர் - ராபர்ட் புரூஸ் ஃபூட்
(மூன்றாமாண்டு, சிவில் பிரிவு மாணவன்)

ஆண்டு மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தா என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, எல்லாரும் எழுதுகிற பெயர்களே எனக்கும் முதலில் நினைவுக்கு வந்தன. ஆனால் மனசு மட்டும் எங்கள் வீட்டுக் கொல்லையில் இருந்த ஒரு குழியையே சுற்றி வந்தது. அதைச் சொல்லாமல் இந்த மனிதரைப் பற்றி என்னால் சொல்ல முடியாது.

எங்கள் வீடு ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடம் பக்கம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கக்கூஸ் குழிக்காக நானும் என் சித்தப்பாவும் கொல்லையில் தோண்டினோம். காலையில் ஈரமாக இருந்த மணல் சுவர் மாதிரி நேராக நின்றது. ஆறடி வந்தாச்சு, இன்னும் ஒரு அடிதான் என்று சித்தப்பா உள்ளே நின்றார். வெட்டிய மணலை எல்லாம் குழி வாயிலேயே குவித்திருந்தோம். மத்தியானம் நான் டீ வாங்கி வரப் போனேன். திரும்பி வந்தபோது குழியைக் காணோம். சித்தப்பாவின் தலையும் தோளும்தான் தெரிந்தன. மார்பு வரைக்கும் மணல். கத்தவும் முடியவில்லை அவரால். அக்கம்பக்கத்தார் ஓடி வந்து, மண்வெட்டி பட்டுவிடும் என்று வெறுங்கையாலேயே அள்ளினோம். பிழைத்தார். விலா எலும்பு இரண்டு போயிருந்தது. படிப்பது சிவில், கொல்லைக் குழிக்கு என் படிப்பு உதவவில்லை!

மறு வருஷம் மண் இயந்திரவியல் வகுப்பில் சோதனைக் குழி பாடம் நடந்தபோது, ஆசிரியர் பேச்சுவாக்கில் பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியும் ஒரு வெள்ளைக்காரரும் என்று ஒரு சங்கதி சொன்னார். குழி என்றாலே அப்போது எனக்குக் காது நீளும். அப்படித்தான் ஃபூட் எனக்குப் பழக்கமானார். (ஃபூட் என்றால் அடி. டேப் பிடிக்கிற நமக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா?)

1834ல் இங்கிலாந்தில் செல்டன்ஹாம் என்ற ஊரில் பிறந்தவர். 1858ல், இருபத்து நாலு வயசில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். இங்கே அவருக்குக் கிடைத்த மாமனார் யார் தெரியுமா? பீட்டர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரை வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழில் பெயர்த்தாரே, தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தாரே, அவரேதான். மாப்பிள்ளைக்கோ கல்லும் மண்ணும்தான் மொழி.

1863 மே 30 அன்று பல்லாவரத்தில், யாரோ சரளை எடுப்பதற்காகத் தோண்டிய ஒரு சின்னக் குழி. அதிலிருந்து வெளியே வீசியிருந்த குப்பைக் கல்லில் ஒன்றை ஃபூட் எடுத்தார். ஆதி மனிதன் செதுக்கிய கற்கோடரி! அதே வருஷம் செப்டம்பரில் சக அதிகாரி வில்லியம் கிங்கோடு அத்திரம்பாக்கத்திலும் அத்தகைய கருவிகளைக் கண்டார். அத்திரம்பாக்கத்துக் கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமை என்று 2011ல் ஆய்வு வெளியானது. இந்திய வரலாற்றைப் பின்னுக்குத் தள்ளிய அந்தக் கல்லுக்காக ஃபூட் ஒரு குழியும் தோண்டவில்லை. அடுத்தவர் தோண்டியதைப் பார்த்தார், அவ்வளவுதான். இது என் மனசில் ஆழமாகத் தைத்தது.

தங்கத்திலும் இதே வழிதான். கோலாரில் வெகு காலமாகவே உள்ளூர் ஜனங்கள் குழி தோண்டித் தங்கம் எடுத்து வந்தார்கள். விபத்துகள் அதிகமாகி 1859ல் அப்படிச் சுரங்கம் தோண்டுவதையே தடை செய்தார்கள். ஹட்டியில் பழங்காலத்தார் பாறையைத் தீயால் சுட்டு, தண்ணீர் ஊற்றிப் பிளந்து, 600 அடிக்கும் கீழே போயிருக்கிறார்கள். எத்தனை பேர் அங்கேயே தங்கிவிட்டார்களோ! தங்கம் இருக்கிற வெண்மையான குவார்ட்ஸ் பாளம் நேராகக் கீழே போகாது; சாய்ந்து போகும். பேராசைக்காரன் அதன் பின்னாலேயே பக்கவாட்டில் குடைவான். தலைக்கு மேல் தொங்கும் மண்ணைக் கவனிக்க மாட்டான்.

ஃபூட் 1870களில் தார்வார் பக்கத்து தம்பல் குன்றுகளுக்குப் போனார். அங்கே ஓடை மணலை மரத்தட்டில் அலசிப் பொன்துகள் பொறுக்கும் ஜலகாரர்கள் என்ற ஜனங்கள் இருந்தார்கள். எந்த ஓடையில் துகள் அதிகம், அந்த ஓடை எந்தக் குன்றிலிருந்து வருகிறது, அந்தக் குன்றில் என்ன பாறை - இப்படித்தான் தங்கத் தேடல் போகும். தட்டில் துகள் வரும்வரை ஓடையோடு மேலே ஏற வேண்டும். துகள் எங்கே நின்றுபோகிறதோ அதற்குப் பக்கத்தில்தான் குழிக்கு வேலை. கண்ட இடத்தில் பத்துக் குழி தோண்டுகிறவன் பத்து முறை உயிரைப் பணயம் வைக்கிறான். ஓடையைப் படித்தவனுக்கு ஒன்றிரண்டு குழி போதும். 1880களில் மைசூர்த் தங்க வயல்களின் குறுக்காக நடந்து, அங்கே பொன் இருக்கும் பாறைகள் தார்வார் பக்கத்துப் பாறைகளின் இனமே என்று கண்டு, தார்வார் பாறைகள் என்று பெயரிட்டவர் ஃபூட். அந்தப் பட்டைகளில் தேடு, வெளியே தேடாதே என்று பிறகு வந்தவர்களுக்கு அதுவே வழிகாட்டி. கோலார்ச் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போய், நம் தமிழ் ஜனங்கள் பல தலைமுறை அதில் உழைத்து, 2001ல் மூடப்பட்டது தனிக் கதை.

அவர் தோண்டாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். 1884ல் கர்நூல் பக்கம் பில்லசுர்கம் குகைகளில் வேலை தொடங்கியபோது, மகன் ஹென்றியையே தோண்ட வைத்தார். பழங்கால மிருக எலும்புகள் குவியலாகக் கிடைத்தன. ஒரு குகைக்குப் பிணக்கூடம் என்று பெயரே வைத்தார்!

நம்ம ராமநாதபுரம் பக்கமும் வந்தவர்தான். அப்போது இது மதுரை ஜில்லா. மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் நிலவியல் பற்றிய அவருடைய அறிக்கை 1883ல் வெளியானது. தென்பாண்டித் தேரி மணலையும் ராமேஸ்வரம் தீவின் கரையோரப் பவளப் பாறையையும் அதில் விவரித்திருக்கிறார். கடலுக்கு அடியில் வளர்ந்த பவளம் இப்போது கடல் மட்டத்துக்கு மேலே நிற்கிறதே, ஏன் என்று கேட்டவர் அவர். அது சுமார் 4000 ஆண்டுப் பழமை என்று 1972ல் வெளியான ஆய்வு கூறியது. நான் சின்ன வயசில் காலில் குத்திக்கொண்டு அழுத அதே கல்!

பொன் கிடைக்கிற பாறை எங்கள் தீவில் இல்லை. மணலும் பவளமும்தான். ஆனால் குழிக்குப் பொன் மணல், வெறும் மணல் என்ற பேதம் கிடையாது. ஒரு கன மீட்டர் மணல் ஏறத்தாழ ஒன்றரை டன். ஈரம் இருக்கும்வரை மணல் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். வெயிலில் காய்ந்ததும் பிடி விட்டுப்போகும். சித்தப்பாவின் குழி மத்தியானம் சரிந்ததன் காரணம் இதுதான். காய்ந்த மணல் 30, 35 டிகிரிச் சரிவில்தான் தானாக நிற்கும். அப்படியானால் 2 மீட்டர் ஆழக் குழிக்கு ஒவ்வொரு பக்கமும் 3 மீட்டர் அகலம் சரிக்க வேண்டும். அவ்வளவு இடம் யார் கொல்லையில் இருக்கிறது? இடம் இல்லாவிட்டால் பலகை அடித்து முட்டுக் கொடுக்க வேண்டும்.

மத்தியப் பொதுப்பணித் துறையின் பாதுகாப்பு விதியை இப்போது நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். 1.2 மீட்டர் ஆழம் தாண்டினால் ஏணி இருக்க வேண்டும். 1.5 மீட்டர் தொட்டால் பக்கத்தைப் படிப்படியாகச் சரிக்கணும், அல்லது மரச்சட்டத்தால் தாங்கணும். வெட்டிய மண்ணைக் குழி விளிம்பிலிருந்து 1.5 மீட்டர் அல்லது ஆழத்தில் பாதி, எது அதிகமோ அவ்வளவு தள்ளிக் கொட்டணும். மேலிருந்து கீழே வெட்டணும். அடியில் குடையவே கூடாது. நாங்கள் இதில் ஒன்றையும் செய்யவில்லை.

இத்தனைக்கும் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இது தெரிந்த விஷயம். உறைக்கிணறு இறக்குகிறவர்கள் முதலில் உறையை வைத்து, அதற்குள்ளே நின்று மணலை அள்ளுவார்கள். உறை தன் கனத்தில் இறங்கும். மேலே அடுத்த உறை. ஆள் எப்போதும் உறைக்குள்ளேதான் இருப்பான். கிணற்றுக்கு அவ்வளவு கவனம். கக்கூஸ் குழிதானே என்று அலட்சியம்.

ஃபூட் 1891ல் ஓய்வு பெற்று, அப்புறமும் பரோடாவிலும் மைசூரிலும் வேலை பார்த்தார். ஏற்காட்டில் வீடு. சேர்த்த கருவிகளையெல்லாம் 1904ல் சென்னை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. 1912 டிசம்பர் 29ல் கல்கத்தாவில் காலமானார். அஸ்தி ஏற்காட்டுத் தேவாலயத்தில் இருக்கிறது.

போன பொங்கல் லீவில் கொல்லையில் மறுபடி வேலை ஆரம்பித்தோம். இந்தத் தடவை நாலு உறை வாங்கி வந்தோம். சித்தப்பா உறைக்கு உள்ளே. நான் மேலே, ஏணியைப் பிடித்துக்கொண்டு. டீ வாங்கத் தம்பி போனான்.