மருந்து தேடிய ஆல்பர்ட் ஹாஃப்மன்

எல்எஸ்டி என்றாலே போதைப்பொருள் என்றுதான் உலகம் அறியும். அதை முதன்முதலில் தயாரித்த சுவிட்சர்லாந்து வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன், இரத்த ஓட்டத்தையும் சுவாசத்தையும் தூண்டும் மருந்து ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அது பிறந்தது.

1906 ஜனவரி 11ஆம் தேதி பேடன் நகரில் பிறந்தவர் அவர். தந்தை ஆலைத் தொழிலாளி. நான்கு பிள்ளைகளில் ஆல்பர்ட் மூத்தவர். குடும்ப வருமானம் போதாததால் அவரது ஞானத்தந்தை படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டார். சூரிச் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்ற ஹாஃப்மன், 1929இல் பாசல் நகரின் சாண்டோஸ் மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார்.

1930களின் நடுப்பகுதியில் அவர் கையில் எடுத்தது எர்காட் என்ற பூஞ்சை. ரை தானியக் கதிர்களில் வளரும் இந்தப் பூஞ்சை கலந்த ரொட்டியை உண்டு, பழைய ஐரோப்பாவில் கை கால் அழுகி மாண்டவர்கள் ஏராளம். அதே பூஞ்சையைப் பிரசவத்தை விரைவுபடுத்த மருத்துவச்சிகள் பயன்படுத்தியும் வந்தனர். நஞ்சுக்குள் இருக்கும் மருந்தைப் பிரித்தெடுப்பதே ஹாஃப்மனின் வேலை.

அதில் அவர் வெற்றி கண்டார். கருப்பையைச் சுருங்கச் செய்து, பிரசவத்துக்குப் பிந்திய இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் மெத்தர்ஜின் அவரது ஆய்வில் உருவானது. அது இன்றும் பிரசவ அறைகளில் பயன்படுகிறது. முதியோருக்கான ஹைடர்ஜின் மருந்தும் அதே ஆய்வின் பலன்.

எர்காட்டின் அடிப்படைப் பொருளான லைசர்ஜிக் அமிலத்திலிருந்து அவர் வரிசையாகப் பல சேர்மங்களைத் தயாரித்தார். 1938இல் உருவான 25ஆவது சேர்மமே எல்எஸ்டி. விலங்குகளிடம் சோதித்தபோது அவை சற்றுப் பரபரப்படைந்தன. வேறு பெரிய பலன் தெரியவில்லை. ஆய்வு கைவிடப்பட்டது.

ஆயினும் அந்தச் சேர்மத்தை ஹாஃப்மன் மறக்கவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து 1943 ஏப்ரலில் மீண்டும் தயாரித்தபோது அவருக்குத் தலை சுற்றியது. கண் முன்னே வண்ணங்கள் ஓடின. காரணத்தை அறிய, ஏப்ரல் 19ஆம் தேதி கால் மில்லிகிராம் அளவைத் தாமே உட்கொண்டார். சிறிது நேரத்தில் நிலைகுலைந்தார். போர்க்காலக் கட்டுப்பாட்டால் கார் கிடைக்கவில்லை. உதவியாளர் துணையுடன் மிதிவண்டியில் வீடு திரும்பினார். மருத்துவர் வந்து பார்த்தபோது, கண்மணிகள் விரிந்திருந்ததைத் தவிர உடலில் வேறு கோளாறு இல்லை.

சாண்டோஸ் அதை மனநல மருத்துவர்களிடம் கொண்டு சேர்த்தது. 1964இல் சிகாகோவில் எரிக் காஸ்ட் என்ற மருத்துவர், கடும் நோயுற்ற 50 பேருக்கு அதை வலி நிவாரணியாகக் கொடுத்துப் பார்த்தார். வழக்கமான மருந்துகளைவிட அது நீண்ட நேரம் வலியைத் தணித்ததாக அவர் பதிவு செய்தார். ஆனால் அதற்குள் எல்எஸ்டி ஆய்வுக்கூடத்தைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது. 1965இல் சாண்டோஸ் தயாரிப்பை நிறுத்தியது. நாடுகள் தடை விதித்தன, ஆய்வுகளும் முடங்கின. தாம் மருந்தாக வளர்க்க நினைத்த பிள்ளை தடம் மாறிப்போனது ஹாஃப்மனுக்கு வருத்தம் அளித்தது.

2008 ஏப்ரல் 29ஆம் தேதி, 102ஆவது வயதில் அவர் காலமானார். இரண்டே ஆண்டுகளில், போதை தராதபடி மாற்றப்பட்ட எல்எஸ்டியின் உறவுச் சேர்மம் ஒன்று, ஒரு கண்ணைச் சுற்றித் தாக்கும் கொடிய தலைவலியால் அவதியுற்ற ஐவருக்குப் பலன் தந்ததாக ஆய்வு வெளியானது. 2020இல் நெதர்லாந்தில் ஆரோக்கியமான 24 பேருக்கு மிகக் குறைந்த அளவு எல்எஸ்டி கொடுத்தபோது, குளிர்ந்த நீரில் கை வைத்திருக்கும் வலியை அவர்களால் கூடுதல் நேரம் தாங்க முடிந்தது.

இவை சிறிய ஆய்வுகள். சிகிச்சையாக ஏற்கப்படும் நிலையை இன்னும் எட்டவில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் எல்எஸ்டி சட்டத்துக்குப் புறம்பானது. எனினும், பாசல் ஆய்வுக்கூடத்தில் ஹாஃப்மன் தொடங்கிய தேடலை வலி ஆய்வாளர்கள் மீண்டும் தொடர்கிறார்கள்.