குழிக்கொரு மதிப்பெண் தந்த மருத்துவர்

வல்லவரும் எளியவரும் ஒரே களத்தில் இறங்கினால் வெற்றி யாருக்கு? பெரும்பாலும் வல்லவருக்கே என்போம். ஆனால் இருவரையும் சமமாக நின்று போட்டியிட வைக்கும் விளையாட்டு ஒன்று உண்டு. அதுவே கோல்ஃப். அந்தச் சமநிலைக்கு எளிய கணக்கு ஒன்றை வகுத்துத் தந்தவர் டாக்டர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்னும் ஆங்கிலேய மருத்துவர்.

நம் விழுப்புரம், திண்டிவனம் பக்கங்களில் கோல்ஃப் ஆடுவோரைக் காண்பது அரிது. ஆயினும் இவ்விளையாட்டு இந்தியாவுக்குப் புதிதன்று. கல்கத்தாவில் 1829-ஆம் ஆண்டிலேயே கோல்ஃப் கழகம் தோன்றிவிட்டது. நம் கொடைக்கானலில் 1895-ஆம் ஆண்டு ஒரு கழகம் தொடங்கப்பட்டது. சிறு பந்தை மட்டையால் அடித்து, பதினெட்டுக் குழிகளிலும் வரிசையாக விழச் செய்ய வேண்டும். குறைந்த அடிகளில் முடிப்பவரே வென்றவர். தேர்ந்த ஆட்டக்காரர் ஒரு குழியை இத்தனை அடிகளில் முடிக்க வேண்டும் என்று ஓர் அளவு உண்டு. அதற்குப் ‘பார்’ என்று பெயர்.

பணத்துக்காக அன்றி ஆர்வத்தால் ஆடுவோருக்கு, அவரவர் திறமைக்கேற்ப ‘ஹேண்டிகேப்’ என்னும் சலுகை அடிகள் வழங்கப்படுகின்றன. ஒருவருடைய ஹேண்டிகேப் 18 எனில், அவர் அடித்த மொத்த அடிகளில் 18 கழிக்கப்படும். வேகமான குதிரைக்குக் கூடுதல் சுமை ஏற்றிப் பந்தயத்தைச் சமமாக்கும் வழக்கத்துக்கு வழங்கிய பெயரே பின்னர் கோல்ஃபுக்கும் வந்தது.

ஸ்டேபிள்ஃபோர்டு 1870-ஆம் ஆண்டு பர்மிங்காமை அடுத்த ஓல்ட்பரியில் பிறந்தார். அறுவை மருத்துவரான அவர், போயர் போரிலும் முதல் உலகப் போரிலும் இராணுவ மருத்துவப் பிரிவில் பணியாற்றி மேஜர் பதவி வரை உயர்ந்தார். கோல்ஃபிலும் அவர் சிறந்தே விளங்கினார். 1907-இல் வேல்ஸ் நாட்டின் அமெச்சூர் போட்டியில் அரையிறுதி வரை சென்றார். அக்காலத்தில் அவருக்குச் சலுகை கிடையாது; மாறாகத் தம் கணக்கில் ஓர் அடியைக் கூட்டிக்கொள்ள வேண்டிய அளவுக்கு வல்லவராக இருந்தார். தமக்குத் தேவைப்படாத ஒன்றைப் பிறருக்காகச் சிந்தித்ததே அவரது பெருமை.

லிவர்பூல் அருகே கடலோரத்தில் உள்ள வாலஸி கழகத்தில் அவர் உறுப்பினர். அங்கே கடற்காற்று பலமாக வீசும். எளிய ஆட்டக்காரர்கள் முதல் இரண்டு குழிகளிலேயே பத்துப் பன்னிரண்டு அடிகள் வீணாக்கிவிட்டு, இனி வெல்ல முடியாது என்று மதிப்பெண் அட்டையைக் கிழித்தெறிந்துவிடுவார்கள். இதைக் கண்டு அவர் மனம் வருந்தினார். வேல்ஸில் 1898-ஆம் ஆண்டிலேயே தாம் சோதித்துப் பார்த்த எண்ணத்தை மீண்டும் எடுத்துச் செம்மைப்படுத்தினார். 1932-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் வாலஸியில் அம்முறைப்படி முதல் போட்டி நடந்தது. அப்போது அவர் அறுபதைக் கடந்தவர்.

அவர் கணக்கு இதுதான். மொத்த அடிகளை எண்ணாமல், ஒவ்வொரு குழிக்கும் தனித்தனியே மதிப்பெண் கொடுக்க வேண்டும். சலுகையைக் கழித்தபின் பார் அளவில் முடித்தால் 2 மதிப்பெண். ஓர் அடி கூடினால் 1. ஓர் அடி குறைந்தால் 3. இரண்டு குறைந்தால் 4. இரண்டோ அதற்கு மேலோ கூடினால் சுழி. ஹேண்டிகேப் 18 உள்ளவருக்குக் குழிக்கு ஓர் அடி சலுகை. பார் 4 உள்ள குழியை அவர் 5 அடிகளில் முடித்தாலும், சலுகையே இல்லாத வல்லவர் 4 அடிகளில் முடித்தாலும், இருவருக்கும் 2 மதிப்பெண்தான். எளியவர் அதே குழியில் 12 அடிகள் அடித்தாலும் இழப்பது அந்தக் குழியின் மதிப்பெண்ணை மட்டுமே. அடுத்த குழி புதிய தொடக்கம்.

இக்கணக்கு நேர்மையின்றி நில்லாது. வெல்வதற்காக ஒருவர் தம் திறமையைக் குறைத்துக் காட்டிச் சலுகையைப் பெருக்கிக் கொண்டால், அது களவுக்கு ஒப்பாகும். சலுகை தாழ்ந்தவருக்கு இடும் பிச்சையன்று. உண்மையாக அளந்து தரும் உரிமை.

ஸ்டேபிள்ஃபோர்டு 1959-இல் மறைந்தார். 1968-இல் அவரது முறை கோல்ஃபின் விதிநூலில் இடம்பெற்றது. 2020-இல் தொடங்கிய உலக ஹேண்டிகேப் முறையிலும் ஒரு குழியின் தோல்வி ஓர் எல்லைக்கு மேல் எண்ணப்படுவதில்லை. அந்த எல்லை, அவர் சுழி இட்ட அதே இடம்தான்!

தோழியரே, நம் ஆண்டவர் சொன்ன தாலந்து உவமையை நாம் அறிவோம். ஐந்தைப் பத்தாக்கியவனும் இரண்டை நான்காக்கியவனும் ஒரே பாராட்டைப் பெற்றனர். ஒன்றைப் புதைத்து வைத்தவனே கடிந்துகொள்ளப்பட்டான். ஒரு பாடத்தில் மதிப்பெண் குறைந்ததும் ஆண்டு முழுவதும் வீணாயிற்று என்று சோர்ந்துவிடும் நமக்கு, இந்த மருத்துவர் வாழ்வு ஒரு நல்ல மருந்து. அட்டையைக் கிழிக்காமல் அடுத்த குழிக்கு நடப்போம். நம்மினும் மெலிந்த தோழியையும் உடன் அழைத்துச் செல்வோம்.