பஸராவின் மீன் வியாபாரி எழுதிய உயிரினங்களின் கதை

டார்வினுக்கு ஆயிரம் வருடங்களுக்கு முன்னரே பரிணாமக் கொள்கையை ஒரு முஸ்லிம் அறிஞர் கண்டுபிடித்துவிட்டார் என்ற பதிவு சமூக ஊடகங்களில் அடிக்கடி வலம் வருகிறது. அந்த அறிஞர் அல்-ஜாஹிழ். அவரை இப்படி மிகைப்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் உண்மையில் செய்ததே மிகப் பெரியது.

அபூ உஸ்மான் அம்ர் இப்னு பஹ்ர் என்பது அவரது பெயர். கி.பி. 776 அளவில் பஸராவில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பாட்டனார் ஒட்டகம் ஓட்டிய கறுப்பினத்தவர் என்பார்கள். துருத்திய விழிகளுக்காகக் கிடைத்த பட்டப்பெயரே ஜாஹிழ். இளமையில் கால்வாய் ஓரத்தில் மீனும் ரொட்டியும் விற்றார். மீதி நேரத்தில் பள்ளிவாசலில் அறிஞர்களின் வட்டத்தில் அமர்ந்தார். அஸ்மஈ, நழ்ழாம் போன்றோரிடம் கற்றார். புத்தகம் வாங்க வசதியில்லாததால் புத்தகக் கடைகளை இரவில் வாடகைக்கு எடுத்து விடியும்வரை வாசித்தார் என்று சொல்லப்படுவதுண்டு.

அவரது எழுத்து கலீபா மஃமூனின் கவனத்தை ஈர்க்கவே பக்தாத் சென்றார். அரச செயலகத்தில் கிடைத்த பதவியில் மூன்றே நாட்கள்தான் இருந்தாராம். கலீபா முதவக்கில் தன் பிள்ளைகளுக்கு ஆசிரியராக அழைத்து, முகத்தைப் பார்த்ததும் பணம் கொடுத்துத் திருப்பி அனுப்பியதாகவும் ஒரு கதை உண்டு.

ஏழு பாகங்கள் கொண்ட ‘கிதாபுல் ஹயவான்’ என்ற நூலை வஸீர் இப்னுஸ் ஸய்யாதுக்குச் சமர்ப்பித்து 5000 தீனார் பெற்றார். அரிஸ்டோட்டிலை அதில் மதித்தார், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவில்லை. பாம்பு பிடிப்பவர்கள், வேட்டைக்காரர்கள் போன்றோரிடமும் கேட்டு எழுதினார். மீன் விற்ற கைக்கு அது கௌரவக் குறைவாகத் தோன்றியிருக்காது என்றே நினைக்கிறேன்.

எலி தன்னிலும் சிறிய உயிர்களைத் தேடி வெளியே வருகிறது. அதே நேரம் பாம்புக்கும் பறவைக்கும் பயந்து வளைக்குள் ஒளிகிறது. அந்தப் பாம்பும் தன்னை விட வலிய விலங்குக்கு அஞ்சியே வாழ்கிறது. நுளம்பு பெரிய மிருகத்தின் இரத்தத்தை நாடுகிறது, நுளம்பை ஈ வேட்டையாடுகிறது. உண்ணும் எதுவும் உண்ணப்படுவதிலிருந்து தப்ப முடியாது என்பதை அவர் இப்படி வரிசையாகக் காட்டினார். இந்த ஏற்பாட்டில் அவர் கண்டது படைத்தவனின் ஞானத்தை. இன்று பாடசாலையில் உணவுச் சங்கிலி என்று படிப்பதன் ஆரம்பகால வர்ணனைகளில் இதுவும் ஒன்று.

அவர் சொல்லாதது கணக்கு. புல் சூரியனிடமிருந்து பிடித்த சக்தியில் 1000 அலகு அதன் உடலில் சேர்ந்தால், வெட்டுக்கிளியில் ஏறத்தாழ 100, தவளையில் 10, பாம்பில் 1 என்றே தேறுகிறது. மீதியில் பெரும்பகுதி சுவாசத்திலும் அசைவிலும் வெப்பமாகிப் போய்விடுகிறது, திரும்புவதில்லை. கழுகுகள் எப்போதும் சொற்பமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். சடப்பொருளின் கதையோ வேறு. செத்த உடலின் காபனையும் நைதரசனையும் பங்கசுக்களும் பற்றீரியாக்களும் பிரித்து விடுகின்றன. அவை மீண்டும் புல்லுக்குள் ஏறுகின்றன. அழுகலிலிருந்து சில உயிர்கள் தாமாகவே தோன்றும் என ஜாஹிழ் நம்பினார். அது தவறு. ஆனால் அழுகலைக் கவனிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே!

சக்தியின் கணக்கைத் தெளிவாக எழுதியவர் அமெரிக்க இளைஞர் ரேமண்ட் லிண்டமன். மினசோட்டாவின் ஒரு சிறு ஏரியை ஆராய்ந்த அவர் 1942இல் 26 வயதில் காலமானார். அவரது கட்டுரை அதன் பின்னரே வெளியானது.

ஜாஹிழோ தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்தார். 847இல் அவரது வஸீர் சித்திரவதையில் இறந்தார். பக்கவாதம் உடலின் ஒரு பாதியை முடக்கியது. பஸராவுக்கே திரும்பி, ஹிஜ்ரி 255இல் அங்கே மரணித்தார். புத்தக அடுக்கு சரிந்து விழுந்து இறந்தார் என்பது பிற்காலத்தவர் சொன்ன கதை.