இலக்கண வித்தகர் யாக்கோப் கிரிம்

ஆங்கிலம் பயிலும் நம்மனோர்க்கு விதிகளைக் கற்பதினும் அவற்றின் புறனடைகளைக் கற்பதே பெருந்துன்பமாக இருக்கின்றது. 'லவ்' என்னும் வினை இறந்தகாலத்தில் ஈறு பெற்று 'லவ்ட்' என நிற்க, 'ஸிங்' என்பது ஈறு எதனையும் வேண்டாது 'ஸாங்' எனத் தன் உயிரெழுத்தையே மாற்றிக்கொள்கின்றது. வேரைக் குறிக்கும் 'ரூட்' பன்மையில் 'ரூட்ஸ்' ஆகவும், பாதத்தைக் குறிக்கும் 'ஃபுட்' மட்டும் 'ஃபீட்' ஆவானேன்? ஜெர்மன் பாஷையைத் தொடுவோர்க்கு இடர் இன்னும் மிகுதி. அங்கே சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால், சிறுபெண்ணைக் குறிக்கும் சொல்லோ இரு பாலும் அன்று. காரணம் வினவுவார்க்கு, வழக்கு அவ்வாறு என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை.

அவ்விடையால் மனம் அமையாது காரணத்தைத் தேடிச் சென்றவர் யாக்கோப் கிரிம் என்னும் ஜெர்மானியப் பெரியார். தம்பி வில்ஹெல்மோடு சேர்ந்து அவர் 1812-ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட கதைகளால் அவர் பெயரை உலகெங்கும் சிறுவரும் அறிவர். அக்கதைகளைத் தொகுத்த கையே தம் இனத்து மொழிகளின் இலக்கணத்தையும் வகுத்தது என்பதைப் பலர் அறியார்.

அவர் 1785-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 4-ஆம் தேதி ஹானௌ என்னும் ஊரிற் பிறந்தார். நியாயவாதியாயிருந்த தந்தையார் 1796-இல் இறந்தார். அப்போது யாக்கோபுக்கு வயது பதினொன்று. அவருக்கு இளையோர் ஐவர். தாயுடன் பிறந்த அம்மையார் ஒருவரின் உதவியால் அவரும் வில்ஹெல்மும் காஸல் நகரிற் கல்வி கற்றனர். 1802-இல் சட்டம் பயிலும்பொருட்டு மார்பர்க் சர்வகலாசாலையை அடைந்தார். ஆங்கே ஸாவின்யி என்னும் ஆசிரியர், ஒரு சட்டத்தை அறியவேண்டின் அது பிறந்து வளர்ந்த வரலாற்றை அறிதல் வேண்டும் எனக் கற்பித்துவந்தார். அவருடைய வீட்டுப் புத்தகசாலையிலே பழைய ஜெர்மன் பாடல்களைக் கண்ட இளைஞரின் உள்ளம் சட்டத்தினின்று மொழியின்பாற் சென்றது. ஆசிரியர் சட்டத்துக்குக் கொண்ட நெறியை மாணாக்கர் சொல்லுக்குக் கொண்டார்.

அவரது ஜெர்மன் இலக்கணத்தின் முதற்பாகம் 1819-இல் வெளிவந்தது. அக்காலையில் டென்மார்க்குத் தேசத்து ராஸ்க் என்பவர் ஒலிகளை ஆராய்ந்து 1818-இல் வெளியிட்டிருந்த நூல் அவர் கைக்கு எட்டியது. தம் நூலில் ஒலியைப்பற்றிய பகுதியே இல்லை என்னும் குறையைக் கிரிம் உணர்ந்தார். பிறர் கண்ட உண்மையை ஏற்க நாணாது, தம் முதற்பாகத்தை முற்றும் மாற்றி எழுதி 1822-இல் வெளியிட்டார். எழுத்ததிகாரம் மட்டும் ஏறத்தாழ 600 பக்கமாயிற்று. தாம் எழுதியதைத் தாமே தள்ளும் இத்துணிவு யாவர்க்கும் வாய்ப்பதன்று.

அந்நூலால் விளங்கியது யாது? 'ஸிங், ஸாங், ஸங்' என்பதும் 'டிரிங்க், டிராங்க், டிரங்க்' என்பதும் விதியை மீறியன அல்ல; அவை மிகப் பழைய ஒரு விதியின்படி நிற்பன. தம் உயிரை மாற்றியே காலம் காட்டும் இவற்றை வலிய வினைகள் எனவும், விகுதியின் துணையை நாடுவனவற்றை மெலிய வினைகள் எனவும் அவர் பெயரிட்டார். பின்னாளில் மெலியவை பெருகி வலியவை குறைந்தன. 'ஹெல்ப்' என்பதன் பழைய இறந்தகாலம் 'ஹோல்ப்'. இன்று அது 'ஹெல்ப்ட்'. எஞ்சி நின்ற முதியோரையே நாம் புறனடை என்கிறோம். 'ஃபீட்' என்பதும் அத்தகையதே. பழங்காலப் பன்மை விகுதியில் இகரம் இருந்தது. அது முன்னுள்ள உயிரைத் தன் பக்கம் ஈர்த்தது. விகுதி தேய்ந்து மறைந்தபின்னும் ஈர்க்கப்பட்ட உயிர் அவ்வாறே நின்றுவிட்டது. ஜெர்மனியர் 'ஃபூஸ்' என்பதைப் பன்மையில் 'ஃப்யூஸெ' என்பதும் இதனாலே.

வடமொழி, லத்தீன் முதலியவற்றின் பகரம் ஆங்கிலத்தில் 'ஃப' ஆவதையும் அவர் முறைப்படுத்திக் காட்டினார். பிதா என்பதற்கு 'ஃபாதர்', பாதம் என்பதற்கு 'ஃபுட்' ஒத்துவருதல் காண்க. இது கிரிம் விதி எனப் பெயர் பெற்றது. ஆயினும் அவ்விதிக்கும் அடங்காத சொற்கள் இருந்தன. வடமொழியில் பிதா, பிராதா என்னும் இரண்டிலும் தகரமே நிற்க, ஜெர்மனில் ஒன்று 'ஃபாட்டர்' எனவும் மற்றது 'ப்ரூடர்' எனவும் வேறுபடுவது ஏன்? இதற்குக் கிரிம் விடை காணவில்லை, காணாததை மறைக்கவுமில்லை. அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டு கழிந்தபின், 1875-இல் கார்ல் வெர்னர் என்னும் டேனிய இளைஞர் அதனைக் கண்டார். வேத வழக்கில் பிராதா என்பதன் முதலசை எடுத்தலோசை பெறும். பிதா என்பதில் அவ்வோசை இரண்டாம் அசையில் விழும். அப்பழைய ஓசையின் இடமே ஒலியைப் பிரித்தது. இங்ஙனம் புறனடைக்கும் ஒரு விதி உண்டாயிற்று.

கிரிம் ஏட்டில் மட்டும் நேர்மை காத்தவர் அல்லர். 1837-இல் ஹனோவர் அரசன் நாட்டின் அரசியற் சட்டத்தைத் தள்ளிவிட, கட்டிங்கன் சர்வகலாசாலைப் பேராசிரியர் எழுவர் அதனை மறுத்துக் கையொப்பமிட்டனர். அவர்களில் சகோதரர் இருவரும் அடங்குவர். எழுவரும் வேலை இழந்தனர். யாக்கோப் மூன்று நாளில் நாட்டைவிட்டு நீங்கும்படி பணிக்கப்பட்டார். வருவாயற்ற அந்நாளிலேதான், 1838-இல், சகோதரர் ஜெர்மன் பேரகராதியைத் தொடங்கினர். 1854-இல் முதற்றொகுதி முற்றிற்று. 1859-இல் தம்பி மறைந்தார். தமையனார் தனித்துழைத்து, பழம் என்னும் பொருளுடைய 'ஃப்ருக்ட்' என்னும் சொல்லளவில் வந்து, 1863-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் தேதி பெர்லினிற் காலமானார். பின்வந்தோர் தொடர்ந்து எழுத, 32 தொகுதிகளாக அவ்வகராதி 1961-இல் முடிவெய்தியது.

நம் தமிழ் நூலாரும் பல இயல்களின் ஈற்றிலே புறனடைச் சூத்திரம் ஒன்று அமைத்துச் சென்றனர். விதிக்குள் அடங்காதது பிழையென்று அவர் எண்ணினாரல்லர். ஆதலின், அன்புள்ள மாணாக்கரே, அடங்காத சொல்லொன்று நம்மை மருட்டுங்கால் அதனை வெறுத்தல் வேண்டா; அஃது எத்துணைப் பழமையுடையதென்று வினவுவோமாக. வினவிய ஒருவர்க்கு விடையாக ஒரு பெருநூல் பிறந்தது. அவர் விடுத்த வினா இன்னொருவர்க்கு விடையாயிற்று.