கட்டுகிற இடத்தில் இருக்கிறது உயிர்

தோட்டத்தில் டிராக்டர் ஓட்டும் தம்பிமாரே, மறுநடவுக் காட்டில் கல்லும் கட்டையும் பிடுங்கும் அண்ணன்மாரே! இந்த வாரம் உங்களுக்காகவே ஒரு மனிதரின் கதையைச் சொல்லப் போகிறோம். அவர் பெயரை உங்களில் பலர் தினமும் பார்க்கிறீர்கள். மாஸ்ஸி பெர்குசன் என்று சிவப்பு டிராக்டரில் எழுதியிருக்கிறதே, அதில் வரும் பெர்குசன்தான் அவர். அது ஏதோ வெள்ளைக்காரன் கம்பெனிப் பெயர் என்றுதான் நாமும் ரொம்ப நாள் நினைத்திருந்தோம். உண்மையில் அது ஒரு விவசாயி மகனின் பெயர்.

இந்தக் கதையை ஏன் சொல்கிறோம்? நாம் தோட்டப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பால்மரத் தூரைச் சங்கிலி போட்டு டிராக்டரால் இழுத்தார்கள். தூர் அசையவில்லை. டிராக்டரின் முன்பக்கம் மேலே கிளம்பியது. அப்படியே பின்னால் மல்லாந்து விட்டது. ஓட்டியவர் எழுந்திருக்கவில்லை. லயமே அழுதது. எல்லாரும் விதி என்றார்கள். சங்கிலியை எந்த இடத்தில் கட்டியிருந்தார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பிற்பாடு சங்க வேலைக்கு வந்து, பெர்குசன் வரலாற்றைப் படித்தபோதுதான் அந்தக் கேள்வியே நமக்குத் தோன்றியது.

ஏர் பிடிக்கப் பிடிக்காத பையன்

ஹாரி பெர்குசன் 1884-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி அயர்லாந்தின் வடபகுதியில், டவுன் மாவட்டத்து க்ரோவெல் என்ற சிற்றூரில் பிறந்தார். வீட்டில் பதினொரு பிள்ளைகள், இவர் நான்காவது. தகப்பனார் கண்டிப்பான ஆள். பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, காட்டு வேலைக்கு வந்தார் பையன். குதிரைக்குப் பின்னால் நடந்து நடந்து உழுகிற அந்தப் பிழைப்பு அவருக்குப் பிடிக்கவே இல்லை. 1902-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் சைக்கிளும் மோட்டாரும் பழுது பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் ஜோவிடம் வேலைக்குப் போய்ச் சேர்ந்தார்.

இயந்திரம் என்றால் அவருக்கு உயிர். தாமே ஒரு விமானத்தைக் கட்டி, 1909 டிசம்பர் 31-ஆம் தேதி அதில் பறந்தும் காட்டினார். அயர்லாந்து மண்ணில் முதன்முதலாக விமானத்தில் பறந்தவர் அவர்தான். பறந்தது என்னவோ சுமார் 130 கஜ தூரம்தான். ஆனால் பிடித்த பிடியை விடாத ஆள் என்பது அப்போதே ஊருக்குத் தெரிந்து விட்டது. 1911-ல் சொந்தமாக மோட்டார் வியாபாரம் தொடங்கினார்.

ஆளைக் கொன்ற டிராக்டர்

முதல் உலகப் போர் வந்தது. உணவுக்குத் தட்டுப்பாடு. 1917-ல் அயர்லாந்தின் விவசாய வாரியம், ஊர் ஊராகப் போய் டிராக்டர்கள் உழுகிற லட்சணத்தைப் பார்த்துச் சரிப்படுத்தச் சொல்லி அவரிடம் பொறுப்பைக் கொடுத்தது. கூடவே போனவர் வில்லி சாண்ட்ஸ் என்ற தொழிலாளி. கை தேர்ந்த மெக்கானிக். பெர்குசன் பெயரில் வந்த பல கண்டுபிடிப்புகளில் சாண்ட்ஸின் மூளையும் கையும் கலந்திருக்கின்றன. டிராக்டரில் முதலாளி பெயர் நிற்கிறது. தொழிலாளி பெயர் நிற்கவில்லை. இது நமக்குப் புதுசா என்ன?

அந்தப் பயணத்தில் இருவரும் பார்த்தது என்ன? அந்தக் காலத்து டிராக்டர் இரும்புக் குதிரை மாதிரி. ஏரைத் தனியாகச் சங்கிலியிலோ கம்பியிலோ பின்னால் கட்டி இழுக்கும். மண்ணுக்குள் மறைந்திருக்கும் பாறையிலோ மரத்தூரிலோ ஏர் மாட்டினால் என்ன ஆகும்? குதிரையாக இருந்தால் நின்றுவிடும். எஞ்சினுக்கு நிற்கத் தெரியாது. பின்சக்கரம் மண்ணைக் கவ்விக்கொண்டு சுழல முடியாமல் நிற்கும்போது, எஞ்சினின் பலம் டிராக்டரின் உடம்பையே அந்தச் சக்கரத்தைச் சுற்றித் திருப்பப் பார்க்கும். முன்சக்கரம் அந்தரத்தில் எழும்பும். ஓரிரண்டு விநாடிதான். கிளட்சை மிதிப்பதற்குள் ஓட்டுகிறவர் அடியில் கிடப்பார். 1917-ல் வெளிவந்த ஃபோர்ட்சன் டிராக்டர் விலை மலிவு என்று லட்சக்கணக்கில் விற்றது. ஆனால் இப்படி மல்லாந்து ஆளைக் கொன்றதால் அதற்குக் கெட்ட பெயரும் வந்தது.

ஓட்டுகிறவன் கவனமில்லாதவன் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். பெர்குசன் அப்படிச் சொல்லவில்லை. குற்றம் ஆளிடம் இல்லை, ஏரை டிராக்டரோடு கட்டுகிற முறையில் இருக்கிறது என்று கண்டுகொண்டார். அவரை நாம் மதிப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

மூன்று கைகள்

பல வருஷம் பாடுபட்டார்கள். 1926-ல் முக்கியமான காப்புரிமை கிடைத்தது. கடைசியில் வந்து நின்ற வடிவம்தான் இன்று நம் டிராக்டரின் பின்னால் இருக்கும் மூன்று கைகள். கீழே இரண்டு கை இழுக்கும். மேலே நடுவில் ஒரு கை. அந்த மேல் கையில்தான் சூட்சுமம்.

ஓடுகிறவன் கால் கட்டையில் தடுக்கினால் என்ன ஆகிறது? தலை முன்னால் போகிறது. ஏரும் அப்படித்தான். அதன் நுனி மண்ணுக்குள் தடுக்கும்போது தலை முன்னால் சாயும். சாய்ந்து, மேல் கையை முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளு டிராக்டரின் முன்பக்கத்தைத் தரையோடு அமுக்கி வைக்கும். முன்பு எந்த அடி டிராக்டரைத் தூக்கியதோ, அதே அடி இப்போது அதை அமுக்குகிறது! அதோடு, மேல் கையில் விழும் அழுத்தத்தை உணர்ந்து, எண்ணெய் அழுத்தத்தால் வேலை செய்யும் ஹைட்ராலிக் ஏரைத் தானே ஏற்றி இறக்கும்படியும் செய்தார்கள். ஏர் பாறையில் பலமாக மோதி நின்றால், பின்சக்கரத்தின் மேல் இருக்கும் பாரம் குறைந்து சக்கரம் சும்மா சுற்றும், டிராக்டர் மல்லாக்காது.

1936-ல் டேவிட் பிரவுன் என்பவரோடு சேர்ந்து இந்த முறையில் டிராக்டர் செய்தார். சுமார் 1,350தான் விற்றது. விலை ஒரு காரணம். இன்னொன்று, இந்த டிராக்டருக்குப் பழைய ஏர் ஒத்து வராது, அதற்கென்றே செய்த ஏரையும் மற்றக் கருவிகளையும் புதிதாக வாங்க வேண்டும்.

1938 அக்டோபரில் அமெரிக்கா போய் ஹென்றி ஃபோர்டின் கண் முன்னாலேயே உழுது காட்டினார். ஃபோர்டு அசந்து போனார். இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான் ஒப்பந்தம். ஒரு துண்டுக் காகிதம் கிடையாது! 1939 ஜூனில் டிராக்டர் வெளிவந்தது. சில வருஷங்களில் சுமார் 3 லட்சம் டிராக்டர்கள் செய்யப்பட்டன. 1947-ல் பெரியவர் ஃபோர்டு காலமானார். அதே வருஷம் பேரனின் நிர்வாகம் உறவை வெட்டிக்கொண்டு, அதே மூன்று கைகளோடு சொந்தமாக டிராக்டர் செய்தது. பெர்குசன் 251 மில்லியன் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 1952-ல் 9.25 மில்லியன் டாலரில் வழக்கு முடிந்தது. வாய்ப் பேச்சை நம்பினால் பெரிய ஆளுக்கே இந்தக் கதி. நாம் ஏன் எல்லாவற்றையும் கூட்டு ஒப்பந்தத்தில் எழுத்தில் கேட்கிறோம் என்று இப்போது தெரிகிறதா?

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே அவர் சும்மா இருக்கவில்லை. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 1946-ல் தொடங்கி 1956 வரை, அவருடைய சின்னச் சாம்பல் நிற டிராக்டர் 5 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. 1958 ஜனவரியில் எட்மண்ட் ஹில்லரி தென்துருவத்துக்குப் போய்ச் சேர்ந்ததே இந்த டிராக்டரில்தான். 1953-ல் கனடாவின் மாஸ்ஸி ஹாரிஸ் கம்பெனியோடு பெர்குசன் கம்பெனி இணைந்தது. அப்போது கணக்கில் ஒரு மில்லியன் டாலர் இழுபறி வந்தபோது, காசைச் சுண்டிப் பார்த்து முடிவு செய்தார்கள், தோற்றவர் பெர்குசன். மறு வருஷமே அங்கிருந்து விலகினார். 1960 அக்டோபர் 25-ஆம் தேதி இங்கிலாந்தில் தம் வீட்டில் காலமானார்.

அவர் காப்பாற்றாத இடம்

இனி நாம் கவனமாகப் பார்க்க வேண்டிய விஷயத்துக்கு வருவோம். மூன்று கைகளும் மாட்டிய கருவிக்குத்தான் இந்தக் காவல். சங்கிலிக்கு இல்லை! தூரில் சங்கிலியைக் கட்டி இழுக்கும்போது, முன்னால் சாய்ந்து தள்ளுவதற்கு ஏரின் தலை எங்கே இருக்கிறது? பெர்குசனுக்கு முந்திய காலத்து டிராக்டராகவே அது மாறிவிடுகிறது. அதிலும் சங்கிலியை மேல் கை மாட்டும் இடத்திலோ பின் அச்சிலோ கட்டினால், நம் கையாலேயே டிராக்டரை மல்லாக்கக் கட்டியது போல. இழுத்தே ஆக வேண்டுமானால், தாழ இருக்கும் டிராபார் என்ற இழுவைக் கம்பியில் மட்டும்தான் கட்ட வேண்டும். அதுவும் சின்னத் தூருக்குத்தான். சுற்றிலும் வேரை வெட்டிவிட்டு, குறைந்த கியரில், வெடுக்கென்று இழுக்காமல். சங்கிலி அறுந்தால் சாட்டையாக வீசும். பக்கத்தில் ஒரு ஆள் நிற்கக் கூடாது.

ஆகவே, வேலைக்கு ஏற்ற கருவியைக் கேளுங்கள். மேலே கிடக்கும் சின்னக் கல்லுக்குப் பல் வைத்த கல்வாரி போதும். வரிசையாக ஒதுக்கித் தரும். புதைந்த கல்லைக் கிளப்பவும், தூரைச் சுற்றி வேரை அறுக்கவும் ஒற்றைப் பல் ஆழக் கலப்பை. அதில் அளவுக்கு மீறிப் பாரம் விழுந்தால் முறிவதற்கென்றே ஒரு போல்ட் இருக்கும். அடிக்கடி முறிகிறதே என்று கெட்டியான வேறு போல்ட்டைப் போட்டு விடாதீர்கள். அது முறிவதால்தான் மற்றது முறியாமல் இருக்கிறது.

எஞ்சின் தண்டில் சுழலும் தூர் அரைக்கும் இயந்திரம் தரைக்கு மேலுள்ளதையும் கொஞ்சம் கீழுள்ளதையும் தூளாக்கும். ஆனால் வெள்ளை வேர் நோய் கண்ட பால்மரம் என்றால் வேரும் வெளியே வர வேண்டும். அரைத்தால் மட்டும் போதாது. சின்னத் தூருக்கு ஸ்கிட் ஸ்டியர் வண்டியில் மாட்டும் குறுகலான பல் வாளி உதவும். மண் அள்ளும் அகல வாளியால் நெம்பினால் வாளி வளையும். பாரத்தை உயரத் தூக்கிக்கொண்டு சரிவில் போனால் வண்டியே கவிழும். பெரிய பால்மரத் தூர், பெரிய பாறை எல்லாம் மண்வாரி இயந்திரத்தின் வேலை. டிராக்டரால் முடியும் என்று யார் சொன்னாலும் தலையாட்டாதீர்கள்.

பெர்குசன் ஒன்றைச் செய்யாமலும் விட்டார். அவர் டிராக்டரில், கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் இரும்புக் கூண்டு கிடையாது. சுவீடன் நாடு 1959-ல் புது டிராக்டர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. உங்கள் டிராக்டரில் கூண்டு இருக்கிறதா? இருந்தால் சீட் பெல்ட்டும் போட வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் உயிருக்குக் காவல்.

நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இருக்கிறது. அதில் செய்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்கவில்லையென்றால், அந்த வேலையிலிருந்து விலகி நிற்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. முதலில் மண்டோரிடம் சொல்லுங்கள். கேட்கவில்லையா, துரையிடம் சொல்லுங்கள்; தோட்டக் கமிட்டிக்கும் தெரிவியுங்கள். பக்கத்தில் வேலை செய்யும் வங்காளதேசத் தம்பிக்கும் இந்தோனேசியத் தம்பிக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். சங்கிலிக்கு எந்த நாட்டு ஆள் என்று தெரியாது.

பதினான்கு வயதில் பள்ளியை விட்ட ஒருவர், ஆள் செத்ததற்கு விதியைக் காரணம் காட்டாமல், கட்டிய இடத்தைக் குனிந்து பார்த்தார். நாளைக் காலையில் பெரட்டு முடிந்து டிராக்டரிடம் போகும்போது, நீங்களும் ஒரு தடவை பின்பக்கம் குனிந்து பாருங்கள். சங்கிலி எங்கே கட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.