ஏட்டைத் தொடாமலே வரலாறு திரட்டிய பள்ளி ஆசிரியர்

வங்க மொழியின் பழஞ்சுவடிகளை அழிவிலிருந்து மீட்டவர் பள்ளி ஆசிரியர் அப்துல் கரீம் சாகித்ய விசாரத். தற்போது வங்கதேசத்தில் உள்ள சிட்டகாங் பகுதியின் சுசக்ரதண்டி கிராமத்தில் பிறந்தவர்.

ஆசிரியராகவும், பின்னர் கல்வித் துறை எழுத்தராகவும் பணியாற்றியபடியே ஊர் ஊராகச் சென்று சுவடி தேடினார். இந்துக் குடும்பம் ஒன்றில் சுவடியைத் தொட அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. உரிமையாளர் ஏடுகளைப் புரட்டிக் காட்ட, தொடாமலேயே குறிப்பெடுத்துக்கொண்டார்.

ஆயினும், மத வேறுபாடின்றியே அவர் சுவடிகளைத் திரட்டினார். மறக்கப்பட்டிருந்த இடைக்கால முஸ்லிம் கவிஞர்கள் பலர் வங்க இலக்கிய வரலாற்றில் இடம்பெற அவரது உழைப்பே வழிவகுத்தது. சிட்டகாங்கின் வரலாற்றை, முகலாயர் காலத்தில் அதற்கு வழங்கிய பெயரிலேயே 'இஸ்லாமாபாத்' என்ற நூலாக எழுதினார்.

முஸ்லிம் கவிஞர்களின் சுவடிகளை டாக்கா பல்கலைக்கழகத்துக்கும், இந்துக் கவிஞர்களின் சுவடிகளை ராஜ்சாஹியில் உள்ள வரேந்திர ஆய்வு அருங்காட்சியகத்துக்கும் வழங்கிய அவர், 1953 செப்டம்பர் 30-ஆம் தேதி காலமானார்.